முதல் தாமதம்

எங்களுடையது நான்காவது கேஸ். இப்போது இரண்டாவது உள்ளே போயிருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தின் இரண்டாம் மாடியில், கூட்ட அரங்குக்கு வெளியே, சுவரை ஒட்டிப் போட்ட பெஞ்சில் பத்தே முக்காலிலிருந்து நானும் கரிராமனும் உட்கார்ந்திருக்கிறோம். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டிருக்கிறான். மரியாதைக்கு. பெண்டாட்டி செத்து இருபத்து மூன்று நாள் ஆகிறது, அந்தச் சாவைப் பற்றி விசாரிக்கத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், அங்கேயும் நர்சம்மாவை ஒட்டி உட்காரக் கூடாது என்று நினைக்கிறான். சட்டை புதிது. கடை மடிப்பின் கோடு மார்பில் குறுக்கே ஓடுகிறது. மடியில் ஒரு துணிக்கடைப் பை, பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் வெண்ணிலாவின் தாய் சேய் அட்டை. ஜீப்பில் வரும்போது ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைத்தான், அதனால் எனக்குத் தெரியும். மூன்றாக மடித்த இளஞ்சிவப்பு அட்டை. இந்தப் பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஆயிரம் அட்டை எழுதியிருப்பேன், ஒன்றுகூட நினைவில் இல்லை. இந்த ஒன்றின் மூன்றாம் மடிப்பில், கீழே, வலது ஓரத்தில் என்ன இருக்கிறது என்பது மட்டும் கண்ணை மூடினாலும் தெரிகிறது. அதனால் கண்ணை மூடாமல் எதிர்ச் சுவரைப் பார்க்கிறேன். எதிர்ச் சுவரில் வயிற்றில் கைவைத்துச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். பிரசவ மரணம் இல்லாத மாவட்டம் என்று எழுதியிருக்கிறது. அந்தப் பெண் ரொம்பச் சிவப்பு. வளையல் முழங்கை வரைக்கும். ரத்த அளவு பதிமூன்றுக்குக் குறையாது அவளுக்கு. வெண்ணிலாவுக்கு ஏழு புள்ளி எட்டு.

கைப்பேசி அதிர்கிறது. அடிவாரத்து ஆஸ்பத்திரி டாக்டர் உள்ளேயிருந்து அனுப்பியிருக்கிறார். “சிஸ்டர், முதல் தாமதம். அதற்கு மேல் பேச வேண்டாம்.” இரண்டு வாரமாக இதைத்தான் சொல்கிறார், கோபமாக அல்ல, பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குச் சொல்வதுபோல. படிவத்தில் ஒரு பெண் ஏன் செத்தாள் என்பதற்கு மூன்று கட்டங்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வீட்டார் முடிவெடுக்க நேரமானால் முதல் தாமதம். முடிவெடுத்தும் வந்துசேர வண்டியோ சாலையோ இல்லையென்றால் இரண்டாம் தாமதம். வந்துசேர்ந்தும் டாக்டரோ ரத்தமோ இல்லையென்றால் மூன்றாம் தாமதம். மூன்றாவதில் டிக் விழுந்தால் டாக்டருக்கு மெமோ. இரண்டாவதில் விழுந்தால் சாலைக்காரர்களும் ஆம்புலன்ஸ்காரர்களும் சண்டைக்கு வருவார்கள், கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டும். முதலாவதில் விழுந்தால் யாருக்கும் எதுவும் இல்லை. அது செத்தவள் வீட்டோடு முடிந்துவிடும். “இது பொய் இல்லையே சிஸ்டர், அவங்க லேட்டாத்தானே வந்தாங்க,” என்றார் டாக்டர். அவருக்கு இருபத்தொன்பது வயது. மேற்படிப்புக்குத் தேர்வு எழுதியிருக்கிறார். நல்ல பையன்தான், போன வருஷம் பாம்பு கடித்து வந்த ஒருவனுக்குப் பக்கத்திலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தார். லேட்டாகத்தான் வந்தார்கள். அது உண்மை. ஏன் லேட் என்ற கேள்விக்குத்தான் படிவத்தில் இடம் ஒரு விரற்கடை. அதில் நான் எழுதினேன், ‘குடும்பத்தார் மறுப்பு, அறியாமை’. என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளியில் பரிசு வாங்கினது.

மறுப்புக்கு ஆதாரம் வேண்டும் அல்லவா. அது என்னிடம் இருந்தது. எப்போதும் இருக்கும். எனக்கு முன்னால் அந்த மலையில் வேலை பார்த்த அக்கா பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒரு காக்கிக் கோப்பைத் தனியாக எடுத்துக் கொடுத்தார். “இதுதான் உனக்குக் கவசம். அஞ்சாம் மாசத்துல பதிவு பண்றப்பவே ஒரு ரேகை வாங்கி வச்சிடு. அப்புறம் ஓடி ஓடித் தேட முடியாது.” ‘மருத்துவமனையில் பிரசவம் பார்த்துக்கொள்ள எனக்கும் என் குடும்பத்தாருக்கும் விருப்பமில்லை. அதனால் ஏற்படும் விளைவுகளுக்கு நாங்களே பொறுப்பு.’ அச்சடித்த தாள். பெயரும் தேதியும் காலி. கீழே கட்டைவிரல். பதிவு செய்யும் நாளில் எடை பார்ப்பேன், ரத்தம் எடுப்பேன், ரேகை வாங்குவேன், கையோடு கையாக. குழந்தை நல்லபடியாகப் பிறந்தால் தாளைக் கிழித்துப் போடுவேன். தொண்ணூற்றெட்டுப் பேருக்கு அப்படித்தான் கிழித்திருக்கிறேன், நூற்றில். யாரையும் ஏமாற்றுகிறேன் என்று தோன்றியதே இல்லை. மழை வருமோ என்று குடை எடுத்துப் போகிறவன் மழையை ஏமாற்றுகிறானா. ஆனால் வெண்ணிலா எட்டாவது வரை படித்தவள். உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவள். அட்டையில் தாயின் கையொப்பம் என்ற இடத்தில், என் பேனாவை வாங்கி, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் போட்டாள், ப. வெண்ணிலா. கடைசி எழுத்தின் காலை நீட்டி, அதை வளைத்துப் பேருக்கு அடியில் கொண்டுவந்து ஒரு கோடாக ஓட்டினாள். பள்ளிக்கூடத்தில் யாரோ டீச்சர் அப்படிப் போடுவார்களாம். அது முடிந்ததும் நான் மைப் பெட்டியைத் திறந்தேன். “இப்பத்தானே நர்சம்மா கையெழுத்துப் போட்டேன்?” சிரித்தாள். “இதுக்கு ரேகைதான்.” “எதுக்கு?” “மாத்திரைக்கு.” தாளின் மேல்பாதியை மடித்துப் பிடித்திருந்தேன். வழக்கமாக மடிக்க மாட்டேன், அங்கே யாரும் படிக்க மாட்டார்கள். அவளுக்காக மடித்தேன். கை தானாக மடித்தது. கட்டைவிரலைப் பிடித்து அழுத்தினேன், ரொம்பச் சின்ன விரல், உள்ளங்கை மட்டும் அருவாள் பிடித்துக் காய்த்துப் போயிருந்தது. விட்டதும் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டாள். “எண்ணெய்ல போயிடும்.” போகவில்லை. அடுத்த வாரம் பார்க்கும்போதும் நகக்கண்ணில் ஊதா இருந்தது. அட்டையில் கையெழுத்துப் போட்டவள் மறுப்புத் தாளில் ஏன் ரேகை வைத்தாள் என்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யாரும் கேட்பார்கள். மறுப்புத் தாள் உள்ளே டாக்டரின் கோப்பில் இருக்கிறது. அட்டை வெளியே, ஓர் ஆள் இடம் தள்ளி, துணிக்கடைப் பையில் இருக்கிறது. நடுவில் ஒரு கதவு.

கதவுப் பக்கம் நிற்கிற டவாலிக்கு நின்று நின்று கால் வலிக்கிறது போல, சுவரில் ஒரு காலை மடித்து வைத்துக்கொண்டு என்னிடம் பேச்சுக் கொடுக்கிறார். “நாலாவது நம்பருதானே? மலைக்காரங்களா?” ஆமாம் என்கிறேன். “பாவம் நீங்க. அவங்ககிட்ட மாரடிக்க முடியுமா. நம்மாளுங்க ஒரு காய்ச்சல்னா ஓடுவோம். அவங்க சாமியாடிட்டு உக்காந்திருப்பாங்க. ஒரு பக்கம் சாமி, ஒரு பக்கம் சாராயம்.” கரிராமனுக்குக் கேட்கிறது. கேட்காத மாதிரி காலடியில் பார்க்கிறான். டவாலி கெட்டவர் அல்ல, காலையில் கரிராமனுக்கும் சேர்த்துத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று காட்டினார். “என் மச்சினன் அந்தப் பக்கம் பாரஸ்ட்ல இருந்தான். மாத்திரை குடுத்தா ஆட்டுக்குப் போட்டுடுவாங்களாமே?” நானும் சிரிக்கிறேன். இதை அவருக்குச் சொன்ன மச்சினனுக்கு யார் சொல்லியிருப்பார்கள். நானாகக்கூட இருக்கலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொல்லியிருக்கிறேன், தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பந்தியில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு அது பிடிக்கும், அட அப்படியா என்பார்கள், இலையில் இன்னொரு அப்பளம் விழும். வெண்ணிலா செத்த மறுநாள் ஒரு நிருபர் கூப்பிட்டார். “மூடநம்பிக்கைதானே மேடம்?” என்றார். நான் யோசிப்பதற்குள், “சரி, போட்டுக்கறேன்,” என்றார். மறுப்புச் சொல்ல எனக்கு அரை நிமிஷம் இருந்தது. அந்த அரை நிமிஷமும் நான் வாயில் வைத்திருந்த தோசையை மென்றுகொண்டிருந்தேன். ஏழு புள்ளி எட்டு. ரத்தத்தில் இரும்புச் சத்து ஏற ஊசி போட வேண்டும், ஐந்து ஊசி, அடிவாரத்து ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். மலையிலிருந்து பஸ் ஒன்றுதான். அது அடிவாரம் வந்து சேர்வது பன்னிரண்டே முக்கால். புறநோயாளிச் சீட்டு பன்னிரண்டு மணிக்கு மூடிவிடும். பதினோரு வருஷமாக பஸ் பன்னிரண்டே முக்காலுக்கு வருகிறது, பதினோரு வருஷமாகச் சீட்டுப் பன்னிரண்டு மணிக்கு மூடுகிறது. இரண்டும் அரசாங்கம்தான். வெண்ணிலா இரண்டு தடவை இறங்கி வந்தாள். முதல் தடவை சீட்டு மூடியிருந்தது. இரண்டாம் தடவை முதல்நாளே வந்து தெரிந்தவர் வீட்டில் தங்கிக் காலையில் போனாள், ஊசி தீர்ந்துபோயிருந்தது. மூன்றாம் தடவை வரவில்லை. பதிவேட்டில் என்ன எழுதினேன்? ‘ஊசிக்கு வர மறுப்பு.’ வேறென்ன எழுதுவது. பஸ் மறுப்பு என்று எழுத அதில் கட்டம் இல்லை.

மூன்றாவது கேஸைக் கூப்பிட்டாயிற்று. ஒரு கிழவரும் ஒரு சுகாதாரச் செவிலியும் எழுந்து போகிறார்கள், கதவு திறந்து மூடும்போது ஏசிக் காற்று காலில் படுகிறது. குளிர்ந்த சிமெண்ட் மாதிரி. மலையில் நான் வேலை பார்க்கும் துணை சுகாதார நிலையத்தின் படி மாதிரி. மூன்று படி. அன்றைக்குச் செவ்வாய். செவ்வாய் என்றால் நான் அங்கே இருக்க மாட்டேன் என்பது மலை முழுக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன், தெரியவில்லை. மேலே சிக்னல் கிடையாது. வாரம் முழுக்க எழுதிய கணக்கை, யாருக்கு எடை எவ்வளவு, யாருக்கு எத்தனை மாத்திரை, எல்லாவற்றையும் டேப்லெட்டில் ஏற்ற அடிவாரம் இறங்க வேண்டும். ஏற்றாவிட்டால் சிவப்புக் காட்டும், சிவப்புக் காட்டினால் மாவட்டத்திலிருந்து போன் வரும். அன்றைக்கு வெண்ணிலாவின் பெயரையும் ஏற்றினேன். பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் இருக்கிறது, நிலை நலம், பச்சை. அப்போது மணி பத்து. அவள் அப்போது என் படியில் கிடந்தாள். விடிந்து கொஞ்ச நேரத்தில் வீட்டிலேயே குழந்தை பிறந்துவிட்டது, குழந்தைக்கு ஒன்றும் இல்லை, அவளுக்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. கம்பளியில் தூளி கட்டி, மூங்கிலில் கோத்து, நாலு பேர் தூக்கி, நாலு கிலோமீட்டர் நடந்து ஒன்பதரைக்குத் துணை நிலையம் வந்து சேர்ந்தார்கள். பூட்டியிருந்தது. பக்கத்தில் ஜீப் ஸ்டாண்டு இருக்கிறது, மரவள்ளி ஏற்றின ஜீப் ஒன்று நின்றது, அந்த நிமிஷமே ஏறியிருந்தால் பத்தேகாலுக்கு அடிவாரம், டாக்டர் அப்போது இருந்தார். அவர்கள் ஏறவில்லை. பதினொன்றரை வரை என் படியில் காத்திருந்தார்கள். ஏன் காத்திருந்தார்கள். இதைத்தான் நான் சுற்றிச் சுற்றி வந்து விட்டுவிடுகிறேன், நாக்கு சொத்தைப்பல் பக்கம் போய்விட்டுத் திரும்புவது மாதிரி. ஏனென்றால் நான் சொல்லியிருந்தேன். அவர்கள் ஊர் மேல்நொச்சியில் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, விரலை ஆட்டி, வருஷக்கணக்காகச் சொல்லியிருந்தேன். “எதுவானாலும் முதல்ல எங்கிட்ட வரணும். நேரா கீழ போய் நிக்கக் கூடாது.” அவர்கள் நேராகக் கீழே போனால் என் கணக்கில் வராது, பிரசவம் வேறொருத்தி கணக்கில் ஏறும், ஏன் உனக்குத் தெரியாமல் போனார்கள் என்று என்னைக் கேட்பார்கள். அதற்காகச் சொன்னது. அவர்கள் கேட்டார்கள். சொன்னால் கேட்க மாட்டார்கள் என்று பத்தொன்பது வருஷம் சொன்னேனே, அந்த ஆட்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். நர்சம்மா வந்துடுவாங்க, வந்துடுவாங்க என்று. கடைசியில் ஜீப்காரர்தான் சத்தம் போட்டு ஏற்றியிருக்கிறார். அடிவாரம் பன்னிரண்டு பத்து. டாக்டர் கிளம்பிவிட்டார், ரத்தம் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்கள், வருவதற்குள் முடிந்தது. நான் அப்போது அதே அடிவாரத்தில், ஆஸ்பத்திரிக்கு நாலு கட்டடம் தள்ளி, வட்டார அலுவலகத்தில் டேப்லெட்டை சார்ஜில் போட்டுவிட்டு எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் மேலே போனதும் ப்ளீச்சிங் பவுடர் போட்டுப் படியைக் கழுவினேன். இரண்டாவது படியில் கறை போகவில்லை. அதன்மேல் சாக்கு விரித்திருக்கிறேன். கால் துடைக்க.

“நர்சம்மா.” திடுக்கிட்டுப் போகிறேன். கரிராமன் அந்த ஓர் ஆள் இடத்தில் கையை ஊன்றி என் பக்கம் சாய்ந்திருக்கிறான். கேட்கப் போகிறான். படியைப் பற்றிக் கேட்கப் போகிறான். இருபத்து மூன்று நாளாக அவன் கேட்கவில்லை, கருமாதிக்குப் போனபோதும் எனக்குத் தடுக்குப் போட்டு உட்கார வைத்தான். “உள்ள போனா என்ன சொல்லணுங்க?” என்கிறான். “நடந்ததைச் சொல்லு,” என்கிறேன். “அதாங்க. எனக்கு ஒண்ணு நெஞ்சுல கிடக்குது. உங்ககிட்டச் சொல்லிடறேன்.” கதவைப் பார்க்கிறான், டவாலியைப் பார்க்கிறான், குரலைத் தாழ்த்துகிறான். “அன்னைக்கு நான் கஞ்சி குடிச்சேங்க.” எனக்குப் புரியவில்லை. “தூளி கட்டியாச்சு. தூக்கறதுக்கு முன்னாடி நாலு பேரும் கஞ்சி குடிச்சோம். வெறும் வயித்துல மூங்கிலைத் தோள்ல வைக்க மாட்டோம்ங்க, பாதியில மயக்கம் வந்தா தூளியோட விழுந்துடுவோம். எங்கப்பன் காலத்துலேர்ந்து அப்படித்தான். பத்து நிமிசம் இருக்கும். ஒருவேளை கால் மணி. வெண்ணிலா என்னையப் பாத்துக்கிட்டே கிடந்தா. நான் ரெண்டாவது தடவையும் ஊத்தச் சொல்லிக் குடிச்சேன்.” மடியில் பையை நேராக்கி வைக்கிறான். “பேப்பர்ல நாங்க வர மறுத்தோம்னு வந்திருக்குதாம், ஜீப்காரரு படிச்சுக் காட்டுனாரு. டாக்டரும் அதான் சொன்னாரு, நீங்கதான் தாமதம் பண்ணிட்டீங்கன்னு. நான் எப்ப மறுத்தேன்னு ராவும் பகலும் யோசிச்சுப் பாத்தேன். அந்தக் கஞ்சிதாங்க. அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க.” அவன் என்னைப் பார்க்கிறான். பழி போடுகிற பார்வை இல்லை அது. கணக்குக்கு விடை சரியா என்று வாத்தியாரிடம் ஸ்லேட்டைக் காட்டுகிற பார்வை. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கஞ்சி இல்லை கரிராமா, படி. ஐந்து சொல்கூட இல்லை. அது தொண்டை வரை வருகிறது, எனக்கு இன்னும் ஒன்றேகால் வருஷம் சர்வீஸ் இருக்கிறது என்பதும் கூடவே வருகிறது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கின்றன. “கஞ்சியெல்லாம் உள்ள சொல்லாத,” என்கிறேன். “சரிங்க.” பையைத் திறக்கிறான். உறையை எடுக்கிறான். “இதை நீங்களே வச்சுக்கங்க நர்சம்மா. கை வேர்க்குது, எங்கிட்ட இருந்தா கசங்கிடும். வெளிய வந்ததும் வாங்கிக்கறேன்.” நான் கேட்கவில்லை. காலையிலிருந்து எப்படிக் கேட்பது என்று எத்தனை விதமாக யோசித்தேன், எடை சரிபார்க்க, பதிவு எண் குறித்துக்கொள்ள, ஒரு ஜெராக்ஸ் எடுக்க. ஒன்றும் தேவைப்படவில்லை. அவனே கொண்டுவந்து என் கையில் வைத்தான். கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். ஜிப் பாதியில் சிக்கியது. இழுத்தேன். மூடிக்கொண்டது.

உள்ளே இருபது பேர் இருந்தார்கள். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், முந்திரி பிஸ்கட். திரையில் ஒரு வட்டம், மூன்று நிறத்தில் வெட்டிய வட்டம். பாதிக்கு மேல் பச்சை. பச்சையின் மேல் எழுதியிருந்தது, முதல் தாமதம், மலை வட்டாரம். அந்தப் பச்சையில் எத்தனை துண்டு என் காக்கிக் கோப்பிலிருந்து போனது என்று எண்ண ஆரம்பித்து ஆறில் நிறுத்திவிட்டேன். மற்ற மலைகளிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாள், அவளிடமும் ஒரு கோப்பு இருக்கும். அதையெல்லாம் கூட்டி யாரோ ஒரு நல்ல மனிதர் வட்டம் போட்டிருக்கிறார். கலெக்டரம்மாவுக்குச் சின்ன வயது, கண்ணாடி, பருத்திப் புடவை. கரிராமனை “உட்காருங்க” என்றார். அவன் உட்காரவில்லை. “உங்க மனைவி இறந்ததுக்கு எனக்கு ரொம்ப வருத்தம்” என்றார், உண்மையாகவே வருத்தப்பட்டார், அது தெரிந்தது. பிறகு மறுப்புத் தாளை எடுத்தார். ஊதா ரேகையை நான் தூரத்திலிருந்தே பார்த்தேன், பொட்டு மாதிரி. “ஆஸ்பத்திரிக்கு வர ஏன் விருப்பமில்லைன்னு சொன்னீங்க? பயமா? யாராவது தடுத்தாங்களா?” கரிராமன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். “கஞ்சி குடிச்சேங்க,” என்றான். மேசையில் யாரோ இருமினார்கள். “என்னது?” “கஞ்சி குடிச்சிட்டுக் கிளம்புனேங்க. என் தப்புத்தாங்க.” கலெக்டரம்மா பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ கேட்டார், அவர் குனிந்து, “மேடம், அவங்க பழக்கம், எதையும் அவசரமா எடுத்துக்க மாட்டாங்க,” என்றார். பேனா ஓடியது. “சிஸ்டர், நீங்க ஏதாவது சொல்லணுமா?” எழுந்து நின்றேன். கைப்பை மடியிலிருந்து நழுவியது, பிடித்தேன், உள்ளே அட்டையின் விறைப்பு விரலுக்குத் தெரிந்தது. “மேடம், அவங்க தூக்கிட்டு வந்தாங்க,” என்றேன். “யாரு?” “இவங்கதான் மேடம். நாலு கிலோமீட்டர்.” “ஆனா லேட்டா.” டாக்டர் என்னைப் பார்க்கவில்லை, அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய காதுமடல் சிவந்திருந்தது. “ஆமாங்க மேடம்,” என்றேன். உட்கார்ந்தேன். மொத்தம் ஆறு நிமிஷம். மலை வட்டாரத்தில் விழிப்புணர்வு போதாது, கலைக்குழு வைத்து ஊர் ஊராக நாடகம் போடலாம் என்று முடிவானது. ஊர்ப் பட்டியல் தர என்னைச் சொன்னார்கள். குறித்துக்கொண்டேன். முதல் ஊர், மேல்நொச்சி.

வெளியே வந்ததும் வெயில் கண்ணைக் குத்தியது. கரிராமன் படி இறங்கும்போதே கேட்டான். “திட்டலீங்களே. நல்லவங்களா இருக்காங்க.” பிறகு கையை நீட்டினான். “அட்டைங்க.” ஜிப் மறுபடி சிக்கியது. இது தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். உள்ளே வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்று சொல்லலாம், நம்புவான், நான் எது சொன்னாலும் நம்புவான், அதுதான் இருபத்து மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை. “இதை வச்சு இனி என்ன பண்ணப் போற?” என்றேன். “அதுல அவ கையெழுத்து இருக்குதுங்க. வீடு பூராத் தேடிட்டேன், அவ எழுதுனது வேற ஒண்ணுமே இல்ல. படிச்ச புள்ள, ஆனா எழுதறதுக்கு அங்க என்ன இருக்குது.” சாலைக்கு எதிர்ப்புறம் கையைக் காட்டினான். “அங்க கண்ணாடி மாதிரி ஒட்டித் தருவாங்களாம்ல? ஜீப்காரரு சொன்னாரு. நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுங்க நர்சம்மா, நான் சொன்னா அவங்களுக்குப் புரியாது.” ஜெராக்ஸ் கடை. இங்கே லேமினேஷன் செய்யப்படும். சாலையைக் கடந்தோம், நான் முன்னால், அவன் ஓர் ஆள் இடம் விட்டுப் பின்னால். கடைக்காரர் அட்டையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். “மடிச்சா, விரிச்சா?” கரிராமன் என்னைப் பார்த்தான். “விரிச்சே போடுங்க,” என்றேன் நான். மூன்று மடிப்பையும் பிரித்து மெஷின் மேல் வைத்தார். ஏழு புள்ளி எட்டு, என் கையெழுத்தில். கொடுக்காத மாத்திரைக்குப் போட்ட டிக், என் கையெழுத்தில். கீழே வலது ஓரத்தில் நீலத்தில், ப. வெண்ணிலா, அடியில் அந்த நீளக் கோடு. “வாசல் நிலைக்கு மேல ஆணி அடிச்சு மாட்டிடுவேங்க,” என்றான் கரிராமன். “பாப்பா வளந்து பாக்கட்டும். நீங்களுந்தான் ஊசி போட வருவீங்க, பாக்கலாம்.” அட்டை ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் மெதுவாக, நாக்கு நீளுவதுபோல வெளியே வந்தது. கடைக்காரர் ஓரத்தை வெட்டினார். “இனிமே தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது. கிழிக்கவும் முடியாது,” என்றார், பெருமையாக. கரிராமன் துணிக்கடைப் பையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தான். “நீங்களே உள்ள வைங்க நர்சம்மா.” “ஓரமாப் பிடிங்கம்மா, சுடும்,” என்றார் கடைக்காரர். ஓரமாகத்தான் பிடித்தேன். சுட்டது.